பிக்ஃபுட் டிஸ்கில் அப்பாவுக்கு விண்டோஸ், மகளுக்கு லினக்ஸ்

கேள்வி: அண்ணா, என் அப்பா வண்ணாமடையில் ரொம்ப வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் டிடிபி செய்து தருகிறார். 1998இல் வாங்கிய பென்டியம் எம்எம்எக்ஸ் பெட்டிதான், 64 எம்பி ராம், இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் 98, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 6.5, பழைய தமிழ் ஃபான்ட்டுகள், மலையாளம் அடிக்க ஐஎஸ்எம் என்ற சாஃப்ட்வேர். ஹார்டு டிஸ்க் மட்டும் விசித்திரமாக, சிடி டிரைவ் அளவுக்கு அகலமாக இருக்கிறது. மேலே குவான்டம் பிக்ஃபுட், 4.3 ஜிபி என்று எழுதியிருக்கிறது. அதில் சி, டி என்று இரண்டு டிரைவ். சியில் 800 எம்பி, டியில் 550 எம்பி நிறைந்திருக்கிறது. பென்டிரைவ் செருகினால் விண்டோஸ் 98 கண்டுகொள்வதே இல்லை. இதே டிஸ்கில் லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் போட்டுவிட்டால் அப்பா செய்யும் பத்திரிகையைப் பென்டிரைவில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு 74 வயது. அவருடைய விண்டோஸ் போய்விடக் கூடாது. முடியுமா?
வாசகி, சித்தூர் தாலுகா (பாலக்காடு சித்தூர், ஆந்திரா சித்தூர் இல்லை)

பதில்: முடியும், அம்மணி. நன்றாகவே முடியும். நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. கொழிஞ்சாம்பாறையில் நான் கடை போட்ட புதிதில் கையில் எடுத்த முதல் ஹார்டு டிஸ்க் இந்த ஜாதிதான். வீட்டில் இட்லித் தட்டை எடுப்பது போல இரண்டு கையாலும் எடுக்க வேண்டும்.

அது ஏன் அவ்வளவு பெரிது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு சிஸ்டம் போடும்போது அந்தக் கணக்கு உதவும். குவான்டம் கம்பெனி 1996இல் பிக்ஃபுட்டை இறக்கியபோது மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் 3.5 அங்குல டிஸ்குக்கு மாறி வருஷக்கணக்கு ஆகிவிட்டது. இவர்கள் மட்டும் பழைய 5.25 அங்குலத்துக்குத் திரும்பிப் போனார்கள். தட்டு பெரிதானால் ஒரே தட்டில் நிறைய எழுதலாம். தட்டும் குறையும், படித்து எழுதும் ஹெட்டும் குறையும், விலையும் குறையும். கம்பெனிகள் அதை வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டர்களில் போட்டு விற்றன. ஆனால் பெரிய தட்டை வேகமாகச் சுற்ற முடியாது. உங்களுடையது நிமிடத்துக்கு 3600 சுற்று. அதாவது வினாடிக்கு 60. வேண்டிய இடம் சுற்றி ஹெட்டுக்குக் கீழே வருவதற்கே சராசரியாக 8.3 மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். 7200 சுற்று டிஸ்கில் அதில் பாதிதான். தவிர, வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு ஹெட் நடக்கும் தூரமும் அதிகம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு சிஸ்டத்தை இரண்டு தனிப் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்கை வெட்டிய தனித் துண்டுகளில், வைத்தால் இந்த டிஸ்குக்கு நல்லதே நடக்கும். லினக்ஸில் இருக்கும்போது ஹெட் தன் பாதிக்குள்ளேயே ஓடும். விண்டோஸில் இருக்கும்போது மறுபாதிக்குள். நடை மிச்சம். டிஸ்கின் ஆரம்பம் என்பது தட்டின் வெளி விளிம்பு. அங்கேதான் ஒரு சுற்றில் அதிக டேட்டா வரும். அந்த இடத்தில் அப்பாவின் சி இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

ஆனால் எதையும் தொடுவதற்கு முன்னால் டிஸ்க் முழுவதையும் அப்படியே நகல் எடுக்க வேண்டும். ஃபைல்களை மட்டும் இல்லை. முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2003இல், தீபாவளிக்கு முந்தின வாரம், எங்கள் பக்கத்துத் தேங்காய் மண்டிக்காரர் ஒருவரின் டிஸ்கில் இரண்டாவது சிஸ்டம் போட உட்கார்ந்தேன். டிஸ்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் புரோகிராமில் எந்தப் பார்ட்டிஷன் எது என்று அளவை வைத்துப் பார்த்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. தப்பானதை அழித்து, புதிதாக உருவாக்கி, ஃபார்மேட்டும் கொடுத்துவிட்டேன். நாலு வருஷக் கணக்கு. அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை பில் புத்தகங்களைச் சாக்கில் கட்டி எடுத்து வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார். நான் டைப் அடித்தேன். பதினோரு நாள் ஆனது. அன்றிலிருந்து இன்றுவரை நகல் எடுக்காமல் யார் டிஸ்கிலும் பார்ட்டிஷன் மாற்றியதில்லை.

நகல் எடுக்க, பழைய டிஸ்கின் ஐடிஇ இணைப்பை யூஎஸ்பியில் செருக உதவும் யூஎஸ்பி - ஐடிஇ அடாப்டர் ஒன்று வேண்டும். லேப்டாப் டிஸ்குக்கு வருகிற சின்னது உதவாது. தனியாகக் கரண்ட் அடாப்டரோடு, நாலு கம்பி மோலக்ஸ் முனை வைத்து வருகிறதே, அது. பிக்ஃபுட்டுக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் இரண்டும் வேண்டும். டிஸ்கின் பின்பக்கம் உள்ள ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும். புது லேப்டாப்பை இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் ஏதாவது ஒரு லைவ் லினக்ஸில் ஏற்றி, டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமால் இமேஜ் எடுங்கள். சாதாரண நகல் புரோகிராமான டிடி ஒரு கெட்ட செக்டாரில் முட்டினால் அங்கேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப் போய் நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, கெட்டதற்குக் கடைசியில் திரும்பி வரும். எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு மேப் ஃபைலும் எழுதி வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம்ம ஊர் கரண்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

சில அடாப்டர்களுக்கு அந்தக் கால டிஸ்குகளோடு ஒத்துப்போகாது. டிஸ்க் சுற்றும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அப்படி ஆனால் பயப்படாதீர்கள், டிஸ்கை ஒரு துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். ஐடிஇ போர்டு உள்ள பெட்டி ஒன்று இதற்காகவே வைத்திருக்கிறேன். மழைக்காலமாக இருந்தால் வந்ததும் ஓட்ட வேண்டாம், ஒருநாள் அறையில் கிடக்கட்டும். மேல் மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். டிஸ்க் மூச்சு விடுவதற்கான வழி அது. தூசி போகும் என்று டேப் ஒட்டிவிடாதீர்கள்.

இமேஜ் கையில் வந்ததுமே உங்கள் வேலை பாதி முடிந்தது. அப்பாவின் அத்தனை வருஷப் பத்திரிகையும் புது லேப்டாப்பில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் தனியாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அன்றைய தமிழ் ஃபான்ட்டுகள் யூனிகோடு இல்லை, ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. விண்டோஸில் யூனிகோடு தமிழ் லதா எழுத்துருவோடு வந்ததே விண்டோஸ் 2000இல்தான். ஃபான்ட் தொலைந்தால் ‘மங்கல நாண்’ என்று அப்பா அடித்தது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும்.

இனி டிஸ்கைப் பிரிக்கும் வேலை. உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. போட்டோவில் சியின் ப்ராபர்ட்டீஸில் எஃப்ஏடி (ஃபைல்களை டிஸ்கில் அடுக்கும் முறை) என்று மட்டும் தெரிகிறது, 32 என்ற எண் இல்லை. அன்று டிஸ்கைப் பிரித்தவர், பெரிய டிஸ்குக்கான வசதி வேண்டுமா என்று எஃப்டிஸ்க் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதனால் எஃப்ஏடி16. அதில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போகாது. ஆகவேதான் 4.3 ஜிபி டிஸ்கை சி, டி என்று வெட்ட வேண்டி வந்தது. நமக்கு எதையும் சுருக்கும் வேலை இல்லை. டியை சிக்குள் கொண்டுவந்தால் 1,350 எம்பி, தாராளமாக அடங்கும். டி இருந்த இடம் லினக்ஸுக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை முன்னாலேயே சரி செய்ய வேண்டும். பேஜ்மேக்கர் படங்களை ஃபைலுக்குள் முழுசாக வைத்துக்கொள்ளாமல், அவை இருக்கும் பாதையை நினைவில் வைத்திருக்கும். பிள்ளையார் படம் டியில் இருந்தால் டியில்தான் தேடும். டி இல்லை என்றால் அப்பா திறக்கும் ஒவ்வொரு பத்திரிகையிலும் படம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு டாஸ் காலத்து வழி ஒன்று இருக்கிறது. சியில் ஒரு ஃபோல்டர் போட்டு, டியில் உள்ள எல்லாவற்றையும் அதே அமைப்பில் அதற்குள் காப்பி செய்யுங்கள். டி எடுத்த பிறகு, ஆட்டோஎக்ஸெக் ஃபைலின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: சப்ஸ்ட், அப்புறம் டி கோலன், அப்புறம் அந்த ஃபோல்டரின் முழுப் பாதை. அடுத்த முறை விண்டோஸ் ஏறும்போது அந்த ஃபோல்டரே டி டிரைவாக நிற்கும். அப்பாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

சிடி டிரைவ் இப்போது ஈ என்று இருக்கும். டி போனதும் அது டிக்கு நகர்ந்துவிடலாம், அப்புறம் சப்ஸ்ட் வேலை செய்யாமல் போகலாம். அதனால் முதலிலேயே டிவைஸ் மேனேஜரில் சிடி டிரைவின் செட்டிங்ஸுக்குள் போய், டிரைவ் எழுத்து ஈயில் தொடங்கி ஈயில் முடிய வேண்டும் என்று கட்டிப்போட்டுவிடுங்கள்.

லினக்ஸில் உங்கள் பெட்டிக்கு ஏற்றது டெபியன் 3.1, 2005இல் வந்தது. பென்டியம் எம்எம்எக்ஸ், 64 எம்பிக்கு அது சுகமாக ஓடும். இன்றைய பதிப்புகள் இந்தப் பிராசசரில் ஏறவே ஏறாது. டெபியன்காரர்கள் தங்கள் பழைய பதிப்புகளை எல்லாம் ஆவணக் கிடங்கில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு நான் மனசார நன்றி சொல்வேன். முதல் சிடியை எழுதிக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் வேண்டாம், அடிப்படை மட்டும் போதும்.

இன்ஸ்டால் ஆகும்போது, பிரிக்கும் திரை வந்ததும் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா என்று ஒரு வழி காட்டும். அது உங்களுக்கு இல்லை. கையால் மாற்றும் வழியைத் தேர்ந்தெடுங்கள். எச்டிஏ1 என்பது சி, அதைத் தொடாதீர்கள். எச்டிஏ5 என்பது டி. எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டர் மேல் ஒட்டிவிட்டு அப்புறம் அழியுங்கள். அந்த இடத்தில் முதலில் 128 எம்பி ஸ்வாப் (ராம் போதாதபோது கைகொடுக்கும் இடம்), மிச்சம் முழுக்க லினக்ஸ் ஃபைல்களுக்கான இஎக்ஸ்டி3. ராம் குறைவு என்பதால் ஸ்வாப் அடிக்கடி ஓடும், அது தட்டில் கொஞ்சமாவது வெளிப்பக்கம் இருக்கட்டும். இந்த வேலை முடிகிற வரை பெட்டி யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

பிரிப்பதை அந்தப் பழைய பெட்டியிலேயே செய்யுங்கள். லேப்டாப்பில் யூஎஸ்பி வழியாகச் செய்தால் சுலபமாகத் தோன்றும். ஆனால் டிஸ்கில் எத்தனை ஹெட், ஒரு டிராக்கில் எத்தனை செக்டார் என்ற கணக்கை அடாப்டர் ஒரு மாதிரி சொல்லும், பெட்டியை முதலில் தொடக்கிவைக்கும் பழைய பயாஸ் வேறு மாதிரி சொல்லும். விண்டோஸ் 98இன் பூட் செக்டாரில் அந்தக் கணக்கு எழுதியே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டேட்டா எல்லாம் அப்படியே இருக்கும், விண்டோஸ் மட்டும் ஏறாது.

கடைசியில், எந்த சிஸ்டம் ஏற வேண்டும் என்று மெனு காட்டும் க்ரப் புரோகிராமை, டிஸ்கின் முதல் செக்டாரான மாஸ்டர் பூட் ரெக்கார்டில் எழுதட்டுமா என்று கேட்கும். அந்த முதல் செக்டார் மொத்தமே 512 பைட்தான். அதில் 446 பைட் பூட் செய்யும் புரோகிராமுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி இரண்டு பைட் முத்திரை. அந்த செக்டாரில் க்ரப் அந்த 446ஐ மட்டும் மாற்றும். சரி என்று சொல்லலாம். ஏதாவது கோளாறு ஆனால், விண்டோஸ் 98 ஸ்டார்ட்டப் ஃபிளாப்பியில் ஏற்றி, எஃப்டிஸ்க், ஓர் இடைவெளி, சாய்கோடு, எம்பிஆர் என்று அடித்தால் பழையபடி விண்டோஸ் நேராக ஏறும். அந்த ஃபிளாப்பியை இன்றே செய்து, படிக்கிறதா என்று பூட் செய்தும் பாருங்கள்.

லினக்ஸில் முதல் தடவை ஏறியதும் க்ரப்பின் மெனு ஃபைலைத் திறந்து இரண்டு விஷயம் மாற்றுங்கள். ஒன்று, டிஃபால்ட். மெனுவில் மேலிருந்து கீழாகப் பூஜ்யத்தில் தொடங்கி எண்ணி, விண்டோஸ் எத்தனையாவதோ அந்த எண். இரண்டு, டைம்அவுட் பத்து வினாடி. அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே விண்டோஸ் ஏறிவிடும். விண்டோஸ் என்ற தலைப்பை மாற்றி, ஆங்கில எழுத்தில் ‘அப்பா’ என்று நீங்கள் போட்டுக்கொள்ளலாம். தமிழ் எழுத்து அந்தத் திரையில் வராது.

பத்திரிகையை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோகும் வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேஜ்மேக்கர் ஃபைலை போனில் யாராலும் திறக்க முடியாது. விண்டோஸ் 98இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டர் ஒன்றை, ஆப்பிள் லேசர்ரைட்டர் என்று இருப்பதில் ஒன்றை, நிறுவிக்கொள்ளுங்கள். போர்ட் கேட்கும் இடத்தில் ஃபைல் என்று கொடுங்கள். அப்பா பிரின்ட் கொடுத்தால் காகிதத்துக்குப் பதில் சியில் ஒரு ஃபைல் வரும். நீங்கள் லினக்ஸில் ஏறி கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற புரோகிராமை வைத்து அதைப் பிடிஎஃப் ஆக்குங்கள். ஃபான்ட் உள்ளேயே போய்விடும், யார் போனிலும் அப்பா அடித்தது அடித்தபடி தெரியும். பென்டிரைவுக்குக் காப்பி செய்ய மிட்நைட் கமாண்டர் என்ற புரோகிராம் போதும். இடது பக்கம் சி, வலது பக்கம் பென்டிரைவ். உங்கள் பெட்டியில் இருப்பது யூஎஸ்பி 1.1, வினாடிக்கு ஒரு எம்பி கிட்டத்தான் போகும். ஒரு பத்திரிகைக்கு அது தாராளம்.

ஐஎஸ்எம்முக்குப் பிரின்டர் போர்ட்டில் பூட்டு ஏதாவது செருகியிருந்தால் கழற்றிய இடத்தை மறக்காமல் திரும்பச் செருகிவிடுங்கள். வேலை முடிந்ததும் அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

கேள்வி: நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். கூலிக் கணக்குக்கு 486 பெட்டி, அதில் 2.5 ஜிபி பிக்ஃபுட். டாஸ் 6.22 மட்டும் இருக்கிறது. 1995இல் வாங்கிய விண்டோஸ் 95 சிடி இருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசை. பூட் ஆகும்போது டிஸ்க் மேனேஜர் என்று ஒரு வரி வருகிறது. அது வைரஸ், எஃப்டிஸ்க் எம்பிஆர் அடித்தால் போய்விடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர்.
வாசகர், நகரி

பதில்: ஐயா, தயவுசெய்து அதை அடிக்காதீர்கள். மேலே வண்ணாமடைக்காரருக்கு நான் சொன்ன அதே கட்டளை உங்கள் டிஸ்கில் கணக்கு முழுவதையும் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

உங்கள் பெட்டியின் பயாஸ் பழையது. அது எண்ணும் எல்லை 1024 சிலிண்டர் (தட்டில் உள்ள வட்டப் பாதை), 16 ஹெட், 63 செக்டார், செக்டாருக்கு 512 பைட். பெருக்கிப் பாருங்கள், 52 கோடியே 84 லட்சம் பைட் வரும். அதற்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. 2.5 ஜிபி டிஸ்கைப் போட்டால் 504 எம்பிதான் காட்டும். அந்தக் குறையைத் தீர்க்க ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் என்ற புரோகிராமை டிஸ்கின் முதல் டிராக்கில் யாரோ போட்டிருக்கிறார்கள். பயாஸ் முடித்ததும் முதலில் அது ஏறி, மிச்சத்தை எண்ணிச் சொல்கிறது. அது இல்லாமல் அந்த டிஸ்கை அந்தப் பெட்டி சரியாகப் படிக்காது. இதே காரணத்தால் க்ரப், அதைப் போன்ற லிலோ எதையும் அங்கே எழுதக் கூடாது. ஃபிளாப்பியில் பூட் செய்ய வேண்டுமானாலும், ஃபிளாப்பியை வெளியே வைத்துவிட்டு அந்த வரி வரும்வரை காத்திருந்து, ஸ்பேஸ் பாரைத் தட்டச் சொல்லும்போது தட்டி, அப்புறம் செருகுங்கள்.

டாஸும் விண்டோஸ் 95ம் ஒன்றாக இருக்க உங்களுக்குத் தனிப் பார்ட்டிஷனே வேண்டாம். கணக்கை ஃபிளாப்பிகளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 95ஐ டாஸிலிருந்து தொடங்கி, புதிய ஃபோல்டரில் நிறுவுங்கள். பிறகு எம்எஸ்டாஸ் டாட் சிஸ் என்ற மறைந்திருக்கும் ஃபைலில் ஆப்ஷன்ஸ் பகுதியின் கீழ் பூட்மல்ட்டி சமம் 1 என்று ஒரு வரி. அவ்வளவுதான். விண்டோஸ் 95 தொடங்குகிறது என்று திரையில் வந்ததும் எஃப்4 அழுத்தினால் உங்கள் பழைய டாஸ் 6.22 வரும். எதுவும் அழுத்தாவிட்டால் விண்டோஸ். முதலில் வந்த விண்டோஸ் 95 எஃப்ஏடி16 தான் பயன்படுத்தும் என்பதால் இரண்டும் ஒரே சியில் சண்டையில்லாமல் இருக்கும்.

கேள்வி: என் பழைய பிக்ஃபுட் டிஸ்க் தினமும் சத்தம் போடுகிறது. மாற்று டிஸ்க் எங்கேயும் கிடைக்கவில்லை. இரண்டு சிஸ்டமும் அப்படியே இருக்க வேண்டும்.
வாசகர், ஆரியங்காவு

பதில்: கிடைக்காது. குவான்டத்தின் ஹார்டு டிஸ்க் தொழில் 2001இல் மேக்ஸ்டருக்குப் போனது, மேக்ஸ்டர் 2006இல் சீகேட்டுக்குப் போனது. சத்தம் கேட்கும் டிஸ்கை இனி ஓட்டாதீர்கள், இமேஜ் எடுக்க மட்டும் ஒரு தடவை ஓட்டுங்கள். கேமராவில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு ஐடிஇ மொழியே பேசும். அதற்கு நாற்பது பின் அடாப்டர் சில நூறு ரூபாய்தான். உங்கள் டிஸ்க் 4.3 ஜிபி என்றால் 4 ஜிபி கார்டு போதாது, கொஞ்சம் குறையும். 8 ஜிபி வாங்குங்கள், பழைய பயாஸ்களின் 8.4 ஜிபி எல்லைக்குள்ளும் அடங்கும். இமேஜை அதில் எழுதி, பயாஸில் எல்பிஏ (செக்டார்களை வரிசையாக எண்ணும்) முறை வைத்து ஏற்றிப் பாருங்கள். பழைய டிஸ்கை மட்டும் எறிந்துவிடாமல், கார்டு ஒரு மாசம் ஒழுங்காக ஓடுகிற வரை ஈரம் படாத பெட்டியில் வைத்திருங்கள்.